ஒரு கைதட்டலின் மூலகாரணம்

அருள்ஜோசப்புக்கு ஓட்டப்பந்தயம் பார்க்கப் பிடிக்கும். ஓடப் பிடிக்கும் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. ஜூஜுவாடியில் கம்பெனி பஸ் கண்ணெதிரே கிளம்பினாலும் ஓட மாட்டார். அடுத்து வரும் ஷேர் ஆட்டோவுக்காக நின்றுகொள்வார். வயது நாற்பத்தாறு. முழங்காலில் தேய்மானம். பதினெட்டு வருஷம் நின்றபடியே கிரைண்டிங் மெஷின் ஓட்டியதற்குக் கம்பெனி கொடுத்த நினைவுப்பரிசு அது. ஆனால் டிவியில் உலகத் தடகளப் போட்டியோ ஒலிம்பிக்ஸோ ஆசிய விளையாட்டோ ஓடினால் மனிதர் சாப்பிட்ட கையைக் கழுவ மறந்துவிடுவார்.

அதற்காக அவரை ரசிகர் என்று சொல்லிவிட முடியாது. ரசிகர் என்றால் பேர் தெரிய வேண்டும், சாதனை நேரம் தெரிய வேண்டும், நாலு பேரிடம் சண்டை போடவும் தெரிய வேண்டும். இவருக்கு ஒன்றும் தெரியாது. உயரம் தாண்டுகிறவர் மெத்தையில் மல்லாந்து கிடந்தபடி, மேலே ஆடுகிற கம்பு விழுமா விழாதா என்று பார்ப்பாரே, அந்த ஒரு வினாடி பிடிக்கும். வேகநடைக்காரர்கள் வீட்டில் ஏதோ அடுப்பில் வைத்துவிட்டு வந்தவர்கள் மாதிரி அவசரமாக, ஆனால் ஓடவும் கூடாது என்ற சட்டத்துக்குப் பணிந்து, இடுப்பை ஆட்டிக்கொண்டு போவது பிடிக்கும். "யாரு ஜெயிச்சது?" என்று மனைவி ஜெயசெல்வி கேட்டால், "பச்ச பனியன் போட்டவரு" என்பார். பேரிகை ரோட்டில் ஒரு பண்ணையில் ரோஜாப்பூவை நீளம் பார்த்துப் பிரித்துக் கட்டுகிற வேலை ஜெயசெல்விக்கு. பச்சை பனியனோடு அவளுக்கு அந்த விஷயம் முடிந்துவிடும்.

இப்படி யாருக்கும் தொந்தரவு இல்லாமல் கிடந்த ஒரு பழக்கம் கம்பெனியின் கண்ணில் பட்டதுதான் வினை.

கம்பெனியின் பேர் காவேரிகிரி கியர்ஸ். ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்குப் பல்சக்கரம் செய்து கொடுக்கிற இடம். எண்ணூறு பேர் வேலை செய்கிறார்கள். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆடிட்டர் போன வருஷம் வந்தபோது, எல்லாக் கேள்வியும் கேட்டு முடித்துவிட்டு, "உங்கள் தொழிலாளிகள் சந்தோஷமாக இருக்கிறார்களா?" என்று கடைசியாக ஒன்று கேட்டுவிட்டார். இருக்கிறார்கள் என்று பத்து பேர் ஒரே குரலில் சொன்னார்கள். ஆதாரம் எங்கே என்றார் அவர். பல்சக்கரத்துக்கு எட்டு அலமாரி ஆதாரம் வைத்திருந்த கம்பெனியில் சந்தோஷத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

அந்த அவமானத்துக்குப் பிறகு தலைமை அலுவலகம் 'விளையாட்டு உணர்வு ஆண்டு' என்று ஒன்றை அறிவித்தது. கேன்டீன் சுவரில் பெரிய டிவி மாட்டினார்கள். சினிமா, செய்தி, சீரியல் எதுவும் கிடையாது. உலகத்தில் எங்கே தடகளப் போட்டி நடந்தாலும் அதுதான் ஓடும். டிவிக்குக் கீழே ஒரு பலகை: 'மகிழ்ச்சி இலக்கு 85%.' எதிர்ச்சுவரில், பார்க்கிறவர்களின் முகத்துக்கு மதிப்பெண் போட ஒரு கேமரா.

திறப்புவிழாவில் ஹெச்.ஆர். மேனேஜர் ராஜசேகர் பேசினார். சட்டைப் பையில் மூன்று கலரில் பேனா வைத்திருப்பவர். பேச்சு எப்போதும் அச்சடித்த தமிழில்தான் வரும்.

"நண்பர்களே, நிர்வாகம் உங்களை மெஷினாகப் பார்க்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். அது பெரிய பொய். மெஷினுக்குப் பராமரிப்பு நிதி என்று தனியாக உண்டு. உங்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. அந்தக் குறையைப் போக்கத்தான் இந்த டிவி. தேநீர் இடைவேளை பத்து நிமிடத்தில் நீங்கள் பார்க்கலாம், மகிழலாம். பார்ப்பது உங்கள் உரிமை. மகிழ்வது உங்கள் கடமை. அளப்பது எங்கள் பொறுப்பு. மதிப்பெண் அறுபதுக்குக் கீழே போகிறவர்களை நாங்கள் கைவிட்டுவிட மாட்டோம். அவர்களுக்கு வளர்ச்சி வாய்ப்பு வழங்கப்படும்."

கைதட்டினார்கள். வளர்ச்சி வாய்ப்பு என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ருத்ரபூர். வடக்கே உத்தராகண்டில் கம்பெனிக்கு இருக்கும் இன்னொரு பிளாண்ட். ரயில் மாறி மாறிப் போய்ச் சேர மூன்று நாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆறு பேர் பட்டியல் ஒட்டுவார்கள். ஆறு பேரும் நாற்பது வயது தாண்டியவர்களாகவே இருப்பார்கள். அது தற்செயல் என்று நிர்வாகம் சொல்லும். போனவர்களில் பாதிப் பேர் ஒரே மாதத்தில் வேலையை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். அதற்காக நிர்வாகம் கண்ணீர் விட்டதாகத் தகவல் இல்லை.

அருள்ஜோசப்பின் மகள் ஃபெபா அந்த வருஷம் பத்தாவது. கணக்கு அவளுக்குத் தகராறு. தினமும் சாயந்தரம் அவளோடு உட்கார்ந்து கணக்குப் போடுவது அப்பாதான். ருத்ரபூர் என்ற பேரைக் கேட்டாலே அவர் பரீட்சைக்கு இன்னும் எத்தனை மாதம் என்று விரல்விட்டு எண்ணுவார்.

ஒரு வியாழக்கிழமை மூன்று மணி டீக்கு அவர் கேன்டீனுக்குப் போனபோது பெண்கள் பத்தாயிரம் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஜெயித்தவர்கள் ஜெயித்து, கொடியைப் போர்த்திக்கொண்டு, கேமராவுக்குக் கையசைத்தும் ஆகிவிட்டது. மணி அடித்தது. எல்லோரும் எழுந்து போனார்கள். அருள்ஜோசப்பும் எழுந்தார். அப்போதுதான் பார்த்தார், மைதானத்தில் இன்னும் ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தாள்.

ஏதோ சின்னத் தீவு நாட்டுப் பெண். ஒடிசலான உடம்பு. பனியன் தோளில் நிற்காமல் சரிகிறது. சரியச் சரிய இழுத்து விட்டுக்கொள்கிறாள். முழு மைதானத்திலும் அவள் ஒருத்தி மட்டும். இன்னும் இரண்டு சுற்று பாக்கி. டேபிள் துடைக்க வந்த வெங்கடம்மா அவரைப் பார்த்து நின்றாள்.

"ஏம்ப்பா ஜோசப்பு, எல்லாரும் போயாச்சி. இன்னும் யாரு ஓடறா?"

"ஒரு பொண்ணு மிச்சம் இருக்குதும்மா."

"தோத்துட்டாளா?"

"தோத்து ரொம்ப நேரம் ஆச்சி. இன்னும் ஓடிக்கினுதான் இருக்குது."

"காலு வலிக்காதா அதுக்கு? சும்னே வீட்டுக்குப் போலாம்ல," என்றாள் வெங்கடம்மா. சொன்னாளே தவிர அவளும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

கடைசி நூறு மீட்டரில் அந்தப் பெண் திடீரென்று வேகமெடுத்தாள். பின்னால் யாரும் இல்லை, முன்னாலும் யாரும் இல்லை, யாரை முந்த இந்த வேகம் என்று தெரியவில்லை. அருள்ஜோசப்பின் வாய் தானாகத் திறந்தது. இரண்டு கையும் மேலே போய்ப் படபடவென்று தட்டின. அவள் கோட்டைத் தாண்டியதும், "வந்துட்டாம்மா" என்று வெங்கடம்மாவிடம் சொன்னார், ஏதோ சொந்தக்காரப் பெண் ஊரிலிருந்து வந்து இறங்கியது போல. மெஷினுக்குத் திரும்பும்போது நாலு நிமிஷம் தாமதம்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் முனிவேல் ஒரு மெமோவோடு வந்தார். "அண்ணா, ஹெச்.ஆர்ல கூப்பிடறாங்க. நாலு நிமிசத்துக்குத்தான் இருக்கும். மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு வந்துருங்க," என்றார்.

மெமோவில் நாலு நிமிஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'கேன்டீனில் அளவுக்கு மீறி மகிழ்ந்தது தொடர்பாக' என்று தலைப்பு இருந்தது.

அறையில் ராஜசேகரும், அவருக்குக் கீழே வேலை செய்யும் ப்ரீதா என்ற பெண்ணும் இருந்தார்கள். ப்ரீதா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். கேமராவில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பதிவாகியிருந்தார்கள். முந்நூற்றுப் பதினோரு பேர் போனையோ டீயையோ சுவரையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதிப்பெண் ஒரே சீராக அறுபத்தொன்று. அந்த சாஃப்ட்வேர் அழாதவர்களுக்கெல்லாம் அறுபத்தொன்று கொடுக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஒரே ஒருவருக்கு மட்டும் தொண்ணூற்றேழு.

"ஆயிரம் பீஸ் ஒரே அளவில் வரும்போது ஒரு பீஸ் மட்டும் அளவு தாண்டி வந்தால் என்ன செய்வோம், அருள்ஜோசப்?" என்று கேட்டார் ராஜசேகர்.

"லைன நிறுத்துவோம் சார்."

"நிறுத்திவிட்டு?"

"ஒய்-ஒய் போடுவோம் சார்," என்றார் அருள்ஜோசப். தன் வாயால் தானே மாட்டிக்கொண்டது அப்போது அவருக்குத் தெரியவில்லை.

ஒய்-ஒய் என்பது இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் கைக்குழந்தைக்கும் தெரிந்த சடங்கு. ஒரு பீஸ் கெட்டுப்போனால் ஏன் என்று ஐந்து முறை கேட்க வேண்டும். ஒவ்வொரு பதிலையும் ஒரு பெட்டியில் எழுத வேண்டும். ஐந்தாவது பெட்டியில் வருவதுதான் மூலகாரணம். மூலகாரணம் கிடைக்காமல் யாரும் எழுந்து வீட்டுக்குப் போக முடியாது. ப்ரீதா படிவத்தை எடுத்தாள். ராஜசேகர் கேட்க ஆரம்பித்தார்.

"முதல் ஏன். ஏன் கைதட்டினீர்கள்?"

"அந்தப் பொண்ணு ஓடிக்கினு இருந்திச்சிங்க சார்."

"ஏன் ஓடிக்கொண்டிருந்தார்?"

"ரெண்டு ரவுண்டு பாக்கி இருந்திச்சி."

"ஏன் பாக்கி இருந்தது?"

"மெதுவா ஓடுச்சிங்க."

"மெதுவாக ஓடுகிறவருக்கு ஏன் கைதட்ட வேண்டும்?"

அருள்ஜோசப் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ ஒய்-ஒய்க்கு உட்கார்ந்திருக்கிறார்; கல் தேய்ந்தது, எண்ணெய் குறைந்தது, கரண்டு போனது என்று பதில் இருக்கும். இதற்கு இல்லை.

"தெரியலீங்க சார். கை தானா தட்டிச்சி."

ராஜசேகர் பேனாவை மூடி வைத்தார். "தானாக என்று தரக்கட்டுப்பாட்டில் ஒரு காரணம் கிடையாது. அந்தப் பெண் உங்களுக்கு உறவா?"

"இல்லீங்க."

"உங்கள் சர்ச்சா?"

"அது ஏதோ தீவுங்க சார்."

"எந்த நாடு?"

"பேரு சரியாப் பாக்கலீங்க."

"பேர் தெரியாத நாட்டைச் சேர்ந்த, உறவில்லாத, கடைசியாக வந்த ஒருவருக்காக மகிழ்ந்திருக்கிறீர்கள்," என்றார் ராஜசேகர். அவர் குரலில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. "தவறாக நினைக்காதீர்கள். நாங்கள் மகிழ்ச்சிக்கு எதிரி இல்லை. மகிழ்ச்சிக்கென்று இங்கே தனி ஃபைலே திறந்திருக்கிறோம். ஆனால் காரணம் தெரியாத மகிழ்ச்சி இன்று வரும், நாளை வராது. வராத அன்று ஆடிட்டரிடம் நான் எதைக் காட்டுவேன்? மெதுவாக ஓடுகிறவருக்கு இன்று தட்டினீர்கள். நாளை உங்கள் லைனில் மெதுவாக வேலை செய்கிறவருக்குத் தட்டினால்? இதையெல்லாம் நிர்வாகம் யோசிக்க வேண்டியிருக்கிறது. தொழிலாளிக்கு யோசிக்கிற சிரமமே இருக்கக் கூடாது என்பதுதான் எங்கள் கொள்கை."

ஐந்தாவது பெட்டியை அவரே நிரப்பினார். 'பயிற்சிக் குறைபாடு.' எந்தக் கம்பெனியிலும் எதற்கும் காரணம் கிடைக்காவிட்டால் இதைத்தான் எழுதுவார்கள். மெஷின் மேல் கூரை இடிந்து விழுந்தாலும் ஆபரேட்டருக்குப் பயிற்சி போதவில்லை என்றுதான் வரும்.

காரணம் எழுதினால் தீர்வும் எழுத வேண்டும். எல்லா லைனிலும் ஒரு போர்டு தொங்கும்: இடது பக்கம் நல்ல பீஸின் போட்டோ, பச்சை ஸ்டிக்கர், ஓகே. வலது பக்கம் கெட்டுப்போன பீஸ், சிவப்பு ஸ்டிக்கர், என்.ஜி., அதாவது நல்லதில்லை. பார்த்தவுடன் யாரும் கற்றுக்கொள்ளலாம். அதே மாதிரி போர்டு ஒன்று திங்கட்கிழமை கேன்டீனில் தொங்கியது. வலது பக்கம், வாய் திறந்து, புருவம் ஏறி, இரண்டு கையும் அந்தரத்தில் நிற்க, அருள்ஜோசப். சிவப்பு என்.ஜி. இடது பக்கம் ராஜசேகர் கையைக் கட்டிக்கொண்டு டிவியை ரசிக்கும் படம். அவசரத்தில் எடுத்ததால் அதில் டிவி அணைந்திருந்தது.

அருள்ஜோசப் கேன்டீன் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார். மூன்று மணிக்கு மெஷின் பக்கத்திலேயே நின்று தண்ணீர் குடித்தார். வேலை தெரியாத பையன் என்று பேர் வாங்காமல் பதினெட்டு வருஷம் தள்ளியவருக்கு, எண்ணூறு பேர் சாப்பிடுகிற இடத்தில் சிவப்பு ஒட்டித் தொங்குவது தாங்க முடியாத வெட்கமாக இருந்தது. விஷயம் ஃபெபாவின் பள்ளிக்கூடம் வரை போய்விட்டது.

"நீ என்னப்பா தப்பு பண்ணுன?" என்று கேட்டாள்.

"கைதட்னேன்மா."

"யாருக்கு?"

"ஒரு பொண்ணு ஓடுச்சி. அதுக்கு."

ஃபெபா, "நீ சொல்ல மாட்டேன்னா வுடு," என்று புத்தகத்தைத் திறந்தாள்.

அடுத்த மாதம் ஆடிட்டர் வந்தார். ஜப்பான்காரர், எதையும் அவசரமில்லாமல் பார்க்கிறவர். கேன்டீனில் போர்டைப் பார்த்ததும் நின்றார். சிவப்பு ஸ்டிக்கர் போட்டோவுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று, பிறகு கூட வந்த மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னார்.

"இந்தக் கம்பெனியில் சந்தோஷமாக ஒரு மனிதரையாவது பார்த்துவிட்டேன், யார் இவர் என்று கேட்கிறார்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

ராஜசேகர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "இவர்தான் சார் எங்கள் மாஸ்டர் பீஸ். எல்லோரும் இவரைப் போல ஆக வேண்டும் என்றுதான் மாட்டியிருக்கிறோம். ஸ்டிக்கர் ஒட்டியவருக்குப் பயிற்சிக் குறைபாடு."

பத்து நிமிஷத்தில் சிவப்பு போய்ப் பச்சை வந்தது. போட்டோ அதே போட்டோதான். சிவப்பை எங்கே ஒட்டுவது என்ற கேள்வி வந்தபோது, எதிர்ப்பக்கம் இருந்த படத்தைக் கழற்றி ராஜசேகர் தன் அறைக்கு எடுத்துப் போய்விட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மாதிரி என்று ஒன்று வந்துவிட்டால் அளவு வர வேண்டும். தரப்பிரிவு மூன்று நாள் அந்தப் போட்டோவின் மேல் ஸ்கேல் வைத்து அளந்தது. தெரிய வேண்டிய பல் ஆறு. உள்ளங்கைகளின் இடைவெளி இருபத்தெட்டு சென்டிமீட்டர், இரண்டு கூடலாம் குறையலாம். புருவம் ஒன்பது மில்லிமீட்டர் மேலே. டூல் ரூமில் முனிவேல் மேற்பார்வையில் அலுமினியத்தில் ஒரு கேஜ் செய்தார்கள். பல்சக்கரத்தின் துளை சரியா என்று பார்க்க ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நுழையாத கருவி இருக்கும். அதே மாதிரி, வாய்க்கு. அதில் அளவுச் சான்று ஸ்டிக்கரும் தேதியோடு ஒட்டப்பட்டது.

மூன்று மணிக்கு விசில் அடிக்கும். முந்நூறு பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து, கையைத் தூக்கி, டிவியைப் பார்ப்பார்கள். ப்ரீதா கேஜோடு வரிசை வரிசையாக வருவாள். டிவியில் ஈட்டி இன்னும் எறிகிறவர் கையிலேயே இருக்கும். இங்கே கைதட்டல் முடிந்திருக்கும். முன்பல் இரண்டு இல்லாத கங்கப்பனுக்கு மட்டும் ஆறு மாதத்துக்குச் சலுகை அனுமதி கொடுத்து, அதற்குள் பல் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். டீ எல்லோருக்கும் ஆறிப்போனது. மகிழ்ச்சி எண்பத்தெட்டு சதவீதத்தைத் தொட்டது.

"நல்லா இருந்த டிவிய இந்த மாதிரி பண்ணி வுட்டியேப்பா ஜோசப்பு," என்றாள் வெங்கடம்மா.

"நானாம்மா பண்ணேன்?"

"போட்டோவுல நீதான இருக்கற."

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது, அதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. இப்போதெல்லாம் அவரால் எதையும் பார்க்க முடியவில்லை. வீட்டில் டிவியைப் போட்டால், தாண்டுகிறவரைப் பார்ப்பதற்குப் பதில் தன் வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கம்பு ஆடுகிறது, புருவம் ஏறியதா? யாரோ எதையோ ஜெயித்தார்கள்; கை இடைவெளி சரியா? பச்சை பனியனோ சிவப்பு பனியனோ என்றுகூட மனதில் நிற்கவில்லை. தனக்கென்று இருந்த ஒரே ஒரு பொழுதுபோக்கு போய்விட்டது என்று அவருக்குத் துக்கமாக இருந்தது. நாற்பத்தாறு வயதில் டிவி பார்க்க முடியவில்லை என்று சொல்லி அழுதால் சிரிப்பார்கள் என்பதால் அழவில்லை.

அந்த நேரத்தில்தான் அடுத்த சுற்றறிக்கை வந்தது. அளவு பார்க்கும் எந்தக் கருவியையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பது விதி. மாஸ்டர் பீஸுக்கும் அது பொருந்தும். அருள்ஜோசப் தன் போட்டோவோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்படுவார். அதே வாரம் ருத்ரபூர் பட்டியலும் தயாராகிறது.

வீட்டில் பயிற்சி தொடங்கியது. ஜெயசெல்வி பீரோக் கண்ணாடிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டாள். ஃபெபா ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து வந்தாள். கணக்குப் போட வேண்டிய நேரத்தில் மகள் அப்பாவின் வாயை அளந்தாள்.

"ரெண்டு பல்லு கம்மிப்பா."

"இப்ப?"

"இப்ப பல்லு சரி. ஆனா பயந்த மாதிரி இருக்குது."

"அன்னிக்கி என்ன நெனச்சிங்களோ அதையே நெனச்சிக்கங்க," என்றாள் ஜெயசெல்வி.

"அன்னிக்கி ஒண்ணும் நெனைக்கலயே செல்வி."

"ஒண்ணும் நெனைக்காம இருங்களேன் அப்ப."

அதற்கும் முயன்றார். ருத்ரபூர்தான் நினைவுக்கு வந்தது. ஃபெபா அந்தப் பழைய பத்தாயிரம் மீட்டரைப் போனில் தேடி எடுத்துக் கொடுத்தாள். ஆறு முறை பார்த்தார். அந்தப் பெண் வந்துவிடுவாள் என்று தெரிந்திருந்ததால் வாய் பாதிதான் திறந்தது.

சோதனை நாளன்று மீட்டிங் ஹாலில் அவரை டிவிக்கு எதிரே உட்காரவைத்து, பக்கத்தில் ஸ்டாண்டு போட்டு அந்த போட்டோவை நிறுத்தினார்கள். ஒரு பக்கம் ராஜசேகர் படிவத்தோடு, மறுபக்கம் ப்ரீதா கேஜோடு. டிவியில் பெண்கள் நானூறு மீட்டர் தடை ஓட்டம் தொடங்க இருந்தது. எட்டு பேர் வரிசையாகக் குனிந்தார்கள். அருள்ஜோசப் வாயைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டார்.

மூன்றாவது தடையில் ஓரத்துப் பாதையில் ஓடிய ஒரு பெண்ணின் பின்கால் கட்டையில் தட்டியது. குப்புற விழுந்தாள். மற்ற ஏழு பேர் போய்விட்டார்கள். கேமராவும் அவர்களோடு போய், அவர்கள் ஓடி முடித்த பிறகுதான் இவளிடம் திரும்பி வந்தது. எழுந்து நின்றிருந்தாள். ஒரு முழங்கால் பூராவும் ரத்தம். வெளியே போய்விடுவாள் என்று நினைத்தால், நொண்டிக்கொண்டே நாலாவது தடைக்கு வந்தாள். தாண்ட முடியவில்லை. கையால் தள்ளிச் சாய்த்துவிட்டு அதன் மேல் காலை வைத்துக் கடந்தாள். பிறகு ஐந்தாவது. பிறகு ஆறாவது. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, ஒரு மூச்சு வாங்கி, தள்ளி, நடந்தாள்.

அருள்ஜோசப்புக்கு ஹால் மறந்துபோனது. கை இரண்டும் தலை மேல் போய்ப் பிடித்துக்கொண்டன. வாய் இறுக மூடிக்கொண்டது. ஏழு, எட்டு என்று அவளோடு சேர்ந்து மூச்சுக்குள் எண்ணினார். ஒன்பதாவதில் அவள் கொஞ்ச நேரம் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது இவருடைய முழங்கால் வலித்தது. பத்தாவதையும் தள்ளிவிட்டு அவள் கோட்டைத் தாண்டி உட்கார்ந்தாள். யாரோ ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார்கள். அப்போதுதான் இவர் மூச்சு விட்டார். கண்ணில் தண்ணீர் நின்றதால் டிவி மங்கலாகத் தெரிந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் ஒரு ஓட்டத்தை முழுசாகப் பார்த்திருந்தார்.

"பல்?" என்றார் ராஜசேகர்.

"பூஜ்யம் சார்," என்றாள் ப்ரீதா.

"கை இடைவெளி?"

"கை தலைல இருந்தது சார். அளக்க முடியல."

"புருவம்?"

"கீழே நாலு மில்லிமீட்டர்." அவள் கேஜை மேஜை மேல் வைத்தாள். "சார், ஆனா அவர் நிஜமாவே பார்த்தார் சார். நான் பக்கத்துல இருந்து பார்த்தேன்."

"அதற்குப் படிவத்தில் பெட்டி இல்லை, ப்ரீதா." ராஜசேகர் சிவப்புப் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டே பேசினார். "அருள்ஜோசப், மனசு விட்டு ஒன்று சொல்கிறேன். இந்தப் போட்டோவில் இருப்பவர் மிகச் சிறந்த ஊழியர். லீவு கேட்பதில்லை, முழங்கால் வலி என்பதில்லை, வருஷம் முழுக்க ஒரே அளவில் மகிழ்கிறார். அவரை நிர்வாகம் ஒருநாளும் இழக்காது. நீங்கள் அவர் இல்லை என்பதுதான் இன்று நிரூபணமாகியிருக்கிறது."

"சார், அது நாந்தானே சார்."

"ஆதாரம் உங்களுக்கு எதிராக இருக்கிறதே," என்றார் ராஜசேகர், உண்மையான வருத்தத்தோடு. வளர்ச்சி வாய்ப்புக்கான ஆர்டர் அவர் ஃபைலில் முன்கூட்டியே அடித்துத் தயாராக இருந்தது. அதற்கும் தற்செயல் என்றுதான் பேர்.

வீட்டுக்கு வந்து ஆர்டரை ஜெயசெல்வியிடம் நீட்டினார். அவள் அப்போதுதான் பண்ணையிலிருந்து வந்து, முள் குத்திய விரல்களிலிருந்து பிளாஸ்டரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பேரையும் ஊரையும் மட்டும் படித்தாள். காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டாள். யாராவது ஏதாவது பேசினால் தேவலை என்றிருந்தது. அருள்ஜோசப் அந்தத் தடை ஓட்டத்தைப் பற்றிச் சொன்னார். விழுந்தது, தள்ளியது, கடைசியில் கோட்டைத் தாண்டியது எல்லாம் சொன்னார். ஃபெபா போனில் தேடினாள்.

"ஏழு பேருக்குத்தாம்ப்பா நேரம் போட்டிருக்கு. அந்த அக்காவுக்குத் தகுதி நீக்கம்னு போட்டிருக்கு."

"எதுக்கு?"

"கட்டையைக் கையால தள்ளக் கூடாதாம். அதனால அவங்க ஓடுனதே கணக்குல இல்ல."

"கோட்டத் தாண்டுச்சே. நான் பாத்தனே."

"தாண்டுனதும் கணக்குல இல்லப்பா."

அருள்ஜோசப் போனை வாங்கி அந்த வரியைப் பார்த்தார். "அங்கயும் ஒரு ராஜசேகர் சாரு உக்காந்துக்கினு இருக்காரு போல," என்றார்.

ஃபெபா சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. ஜெயசெல்வி சிரிக்கவில்லை. ஆர்டரின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பிடித்திருந்தாள்.

"எத்தினி வருசம்னு போடலீங்க. இங்க என்னமோ எழுதியிருக்குது, பாருங்க."

அவர் வாங்கிச் சத்தமாகப் படித்தார். ருத்ரபூர் கேன்டீனிலும் மேற்படி மாதிரிப் போட்டோ மாட்டப்பட்டிருக்கிறது. ஊழியர் தினமும் அதன் முன் நின்று அவ்வாறே மகிழப் பழகிக்கொள்ள வேண்டும். போட்டோவுக்குப் பொருந்தியதாகச் சான்று பெற்ற பின்னரே ஊர் திரும்புவது பரிசீலிக்கப்படும்.

"உங்க மூஞ்சியப் பாத்து நீங்களே பழகணுமா?" என்று கேட்டாள் ஜெயசெல்வி.

"ஆமா."

அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.

"மார்ச்சுக்குள்ள பழகிடுவீங்களா?" என்றாள். கேலிக்குக் கேட்கவில்லை.